தண்ணீரும் தேத்தண்ணீரும்

தமிழிலக்கியத்தில் உணவு பேசப்படும் இடங்களைத் தொகுத்துக் காட்டும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. பத்துப்பாட்டில் எந்நிலத்தார் எதை உண்டனர், பாணன் எந்த ஊரில் எதைப் பெற்றான் என்பன பலமுறை அட்டவணையாகிவிட்டன. பேராதனையிலிருந்து தமிழாய்வை வளர்த்த சு. வித்தியானந்தன் 1954 இல் வெளியிட்ட ‘தமிழர் சால்பு’ சங்ககால வாழ்வை விரித்துரைத்த பின்னர், அத்துறையில் தொகுப்பு வேலை பெரிதும் எளிதாயிற்று. ஆயினும் அவ்வுணவு சூடாக உண்ணப்பட்டதா, குளிர்ந்து உண்ணப்பட்டதா என்னும் வினா விமர்சகரின் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. வினா அற்பமானது போலத் தோன்றலாம். வெப்பநாட்டு மொழியொன்றின் இலக்கியத்தில் அது அற்பமானதன்று. குளிர்ச்சி என்பது இம்மொழியில் நாவின் சுவையாக மட்டும் நில்லாது அறத்தின் பெயராகவும் ஆகியிருப்பதே அதற்குக் காரணம்.

‘தண்ணளி’ என்னுஞ் சொல்லை நோக்குக. தண்மையும் அளியும் சேர்ந்தே கருணை பிறக்கிறது. வயிறு குளிர்கிறது, கண் குளிர்கிறது, மனம் குளிர்கிறது. பொறாமையுற்றவனுக்கோ வயிறு எரிகிறது. ஐரோப்பியர் தம் மொழிகளில் அன்பை வெம்மையோடும் அலட்சியத்தைக் குளிரோடும் இணைத்துப் பேசுவது அவர்தம் பனிக்காலத்தின் விளைவு. தமிழர் அதனை மறுதலையாகப் பேசியது பங்குனி வெயிலின் விளைவு. எனவே கோடையில் ஒருவருக்குக் குளிர்ந்ததொன்றைக் கொடுப்பதைப் பாடும் தமிழ்ப்புலவன் உணவைப் பற்றி மாத்திரம் பாடுவதில்லை.

இதற்குத் தலைசிறந்த சான்று பெரியபுராணத்தில் உள்ளது. திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசரை நேரிற் காணாமலே அவர் பெயரால் அறங்கள் செய்கின்றார். தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றார். அவ்வழியே வரும் நாவுக்கரசர் தம் பெயர் எழுதிய பந்தலைக் காண்கின்றார். சேக்கிழார் அப்பந்தலை வருணிக்குமிடத்து உவமையைத் திருப்பிப் போடுகின்றார். அருளாளரின் உள்ளம் பந்தலைப் போற் குளிர்ந்தது என்று கூறாமல், பந்தல் அருளாளரின் உள்ளத்தைப் போன்று குளிர்ந்திருந்தது என்கின்றார். கோடையின் வருத்தத்தைப் போக்கும் நிழலும் நீரும் இங்கே உவமேயம்; மனிதருடைய மனமே உவமானம். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவதே உவமையின் பணி எனின், சேக்கிழாரின் கேட்போருக்கு நல்லோர் மனத்தின் குளிர்ச்சி நிறைகுளத்தின் குளிர்ச்சியினும் நன்கு தெரிந்ததாக இருந்தது என்றே கொள்ளல் வேண்டும். பந்தலில் நீரைப் பெறுபவர் நாவுக்கரசர் என்பதும் கருதத்தக்கது. நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டவராக அவரைச் சேக்கிழார் காட்டுகின்றார். அவ்வெம்மையினுள் இறைவன் திருவடி நிழலை அவர் இசையோடும் நிலவோடும் தென்றலோடும் இளவேனிலோடும் பொய்கையோடும் ஒப்பிட்டுப் பாடினார் என்பது மரபு. அவ்வைந்தனுள் உண்பொருள் ஒன்றேனும் இல்லை. எனினும் தாகமுற்றவன் ஒருவன் நினைக்கக்கூடிய எல்லாம் அங்குள்ளன.

நெடுநல்வாடை இதே இலக்கணத்தை எதிர்ப்புறமிருந்து நிறுவுகின்றது. நக்கீரர் கூதிர்க்காலத்தைக் காட்ட விரும்புகின்றார். மழையையும் வாடையையும் சொல்லியபின், கோடைக்குரிய இன்பப் பொருள்கள் யாவும் வேலையிழந்து கிடப்பதைச் சொல்லுகின்றார். விசிறி முளையிலே தொங்குகின்றது. அதிற் சிலந்தி வலை பின்னியிருக்கின்றது. சந்தனக் கல் சும்மா கிடக்கின்றது. குறுகிய வாயையுடைய கலத்திலுள்ள குளிர்ந்த நீரை எவரும் பருகுவாரில்லை. அகன்ற வாயையுடைய தடாவின் நெருப்பையே எல்லோரும் நாடுகின்றனர். தண்ணீர்க் கலம் கைவிடப்பட்டிருத்தலே உலகம் இயல்பு திரிந்தது என்பதற்கு அடையாளம். பிரிவாற்றாத தலைவியின் துயருக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை வேறில்லை. குளிர்ச்சி இன்பமாயிருத்தல் தமிழ்ச் செய்யுளின் பொதுவிதி. அது துன்பமாகும் பருவம் விதிவிலக்கு. இவ்விதிவிலக்கு இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வேண்டப்படும்.

குறுந்தொகையில் 167 ஆம் பாட்டு இவ்வளவு புகழ் பெற்றதற்குக் காரணம் அதன் இல்லறக் காட்சி எனப் பொதுவாகக் கூறுவர். கூடலூர் கிழாரின் அப்பாட்டில் புதுமணப்பெண் தயிரைத் தன் விரல்களாற் பிசைகின்றாள். அவ்விரல்களை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கின்றாள். தாளிப்புப் புகை அவள் கண்களிற் படிகின்றது. அவள் சமைத்த புளிப்பாகரைக் கணவன் இனிதென உண்கின்றான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது. இதனைச் செவிலி நற்றாய்க்கு உரைக்கின்றாள். உரைகாரரும் பாடநூலாசிரியரும் கணவனின் பாராட்டில் நின்றுவிடுகின்றனர். பாட்டினுள்ளே இரு வெப்பநிலைகள் இருப்பதை அவர்கள் காண்பதில்லை. குளிர்ந்த தயிர் அவளுடைய கையில். சுடுபுகை அவளுடைய கண்ணில். உண்பவனுக்குக் கிடைப்பது முன்னதன் பயன் மட்டுமே. செவிலி இவ்விரண்டையும் பார்த்தவள். அவள் வாய்மொழியிற் பெருமிதம் எவ்வளவு உண்டோ அவ்வளவு கவலையும் உண்டு. நம் மரபின் குளிர்ந்த உணவுகள் அனைத்துக்கும் பின்னே அடுப்படியில் நின்ற ஒருத்தி உண்டு என்பதைச் சங்கப்புலவர் ஒருவராவது மறைக்கவில்லை.

மோரைப் பற்றிய செய்யுள்களில் காளமேகப் புலவர் பெயரால் வழங்கும் தனிப்பாடல் யாவரும் அறிந்தது. வானில் ஒரு பெயர், நிலத்தில் ஒரு பெயர், ஆய்ச்சியர் கையில் மோரென்று ஒரு பெயர் என நீரே முப்பெயர் பெற்றதாக அது நகையாடுகின்றது. சிலேடைப் புலவரின் விளையாட்டு அது. அதற்குமேல் அதிற் பொருள் தேடுதல் வேண்டா. ஆனால் தாகந்தணிக்கும் பொருள் விலைப்பொருளாகுமிடத்துக் கலப்படமும் உடன்வரும் என்பதைத் தமிழ்ச் செய்யுள் முன்னரே அறிந்திருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோமாயின் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு முன்வந்து நிற்கும். 1953 இல் மறைந்த அப்புலவர் சிறுவர்க்கெனப் பாடியது அது. பள்ளிக்கு விடுமுறை கிடைத்த மகிழ்ச்சியில் தொடங்கி, பயறு வறுத்தல், அரிசி இடித்தல், தேங்காய் துருவுதல் என ஒவ்வொரு தொழிலாகச் சென்று, பலாவிலையைக் கோலித் தாய் வார்க்கும் கூழைக் குடிப்பதில் வந்து சேருகின்றது. இப்பாட்டின் சிறப்பு உணவுப் பெயர்களை அடுக்கியதில் இல்லை. செய்முறையை வரிசை பிறழாமற் சொல்லியதில் உள்ளது. இடிக்காத மா கொழுக்கட்டையாவதில்லை என்பது அப்பாட்டைப் பாடும் குழந்தைக்கும் தெரிந்துவிடுகின்றது. (இது பனங்கட்டி சேர்ந்த இனிப்புக் கூழ், மீனிட்ட ஒடியற்கூழோடு இதனை மயக்குதல் யாழ்ப்பாணத்துக்கு வெளியே அடிக்கடி நிகழும் பிழை.) சோளகக் காற்று வீசும் வறண்ட ஆடியிற் குடிக்கப்படும் அக்கூழ் சூடானது. ஆயினும் குடித்தவர் வயிறு குளிர்ந்தது என்றே கூறுவர். தமிழரின் குளிர்ச்சி வெப்பமானியில் அளக்கப்படுவதன்று. உணவுப் பொருள்களைச் சூடென்றும் குளிர்ச்சியென்றும் வகுக்கும் சித்த மருத்துவ மரபும், வீட்டுப் பாட்டிமாரின் தீர்ப்பும் இதனையே சொல்லும்.

பனிக்கட்டி வந்தபோது அந்த அளவை மாறியது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வணிகரான பிரடெரிக் தியூடர், உறைந்த ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி 1833 இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அதனைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842 இற் கட்டிய ஐஸ் ஹவுஸ் பின்னர் விவேகானந்தர் இல்லமாயிற்று. நீண்ட கடற்பயணத்தின் பின்னும் உருகாது எஞ்சிய குளிர்ச்சியை வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. குளிர்ச்சி அறப்பொருளாக இருந்த நாட்டில் அது முதன்முறையாகத் தொலைவிலிருந்து வந்த ஆடம்பரப் பொருளாயிற்று. இயந்திரங்கள் பனிக்கட்டி செய்யத் தொடங்கிய பின்னர் அவ்வாடம்பரம் தெருவுக்கு இறங்கியது. தமிழ் அதற்குத் தன் பெயர்களைச் சூட்டியது. மதுரை ஜிகர்தண்டாவில் ஈரலைக் குளிர்விப்பது என்னும் உருதுப் பொருள் அப்படியே இருக்கின்றது. ‘வயிறு குளிர்ந்தது’ என்னும் மதுரைக்காரருக்கு அப்பெயர் அந்நியமாகப் பட்டிராது. சர்பத்து அரபுவழி வந்தது. பலூடா பாரசீகவழி வந்தது. இவற்றுள் எல்லாம் அழகியது இலங்கைத் தமிழர் உண்டாக்கிய ‘ஐஸ்பழம்’ என்னுஞ் சொல். தொழிற்சாலைப் பண்டமொன்றைக் காய்த்துக் கனிந்த பொருளாகக் கண்ட அச்சொல்லை எந்தப் புலவரும் ஆக்கவில்லை. பள்ளி வாசலில் நின்ற சிறுவரே ஆக்கியிருத்தல் வேண்டும். இச்சொற்களெல்லாம் கவிதைக்குள் உரிய அளவு புகவில்லை. இளநீரையும் நுங்கையும் தயங்காது பாடும் புதுக்கவிஞர் ஐஸ்பழத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்கின்றனர். மண்வாசனை என்னும் விமர்சனச் சொல் அவர்களுக்கு இட்ட விலங்கு இது.

இனி, இவ்விதிகள் செல்லாத ஓரிடத்துக்கு வரலாம். கண்டியிலிருந்து வத்தேகமையையும் பன்விலையையும் கடந்து ஏறும் வீதி மடுல்கெல்லவுக்குச் செல்கின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் அமைந்த அவ்வூரைச் சுற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட கோப்பி இலைநோய்க்குப் பின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. மேலேயுள்ள காடுகள் 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அக்காடுகளில் நெடுங்காலம் ஏலம் பயிரிடப்பட்டது. அயற்கிராமங்களிற் கித்துள் மரம் சீவிப் பாணி காய்ச்சப்படுகின்றது. கண்டி நகரில் கோடைநாளொன்றில் ஒருவர் உண்ணக்கூடிய மிகச் சிறந்த இரண்டு குளிர்ந்த பண்டங்கள் இம்மலையின் பொருள்களால் ஆகியவை. ஒன்று, எருமைத் தயிரும் கித்துட்பாணியும். மற்றையது வட்டிலப்பம்: மலாய் மக்கள் வழிவந்து முஸ்லிம்களின் பெருநாட் பண்டமாகி, இன்று இலங்கையர் எல்லார்க்கும் பொதுவாகிய அது, தேங்காய்ப்பாலும் முட்டையும் கித்துட் கருப்பட்டியும் ஏலமும் சேர்ந்து அவிந்து ஆறவைத்து உண்ணப்படுவது.

தயிர்ச்சட்டியின் நுட்பத்தை இவ்விடத்து ஒரு வார்த்தை கூறாது விடுதல் ஆகாது. சுட்ட மண்ணின் நுண்துளைகளூடாக நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகின்றது. ஆவியாகும்போது அது சட்டியின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால் தயிர் குளிர்கின்றது; நீர் குறைவதால் இறுகவுஞ் செய்கின்றது. காற்று வறண்டிருந்தாலே இது நன்கு நிகழும். யாழ்ப்பாணத்துச் சோளகத்தில் மண்பானை நீர் பற்களைக் கூசச் செய்யும். புகார் மூடிய மடுல்கெல்லவில் அதே பானை சோம்பிக் கிடக்கும். அவ்வூரில் அதனால் எவருக்கும் இழப்பில்லை. அங்கே விடியற்காலையிற் கொழுந்து பறிக்க ஏறுபவருக்கு வேண்டுவது வேறொன்று.

மலையக எழுத்தாளர் தம் நிலத்தைக் குறிஞ்சி என்று அழைத்தனர். புனைபெயர்களிலும் இதழ்ப் பெயர்களிலும் அச்சொல் பரவியது. தலைநிமிர விரும்பிய ஒரு சமூகம் பழைய இலக்கியத்தில் தனக்கொரு முகவரி தேடியது இயல்பே. அதனைப் பழித்தல் நேர்மையன்று. எனினும் விமர்சனம் அம்முகவரியைச் சரிபார்த்தே ஆகவேண்டும். மலைபடுகடாம் காட்டும் மலைவாழ்நர் விருந்து வந்தால் மூங்கிற்குழாயில் முற்றிய தேறலும், புளியும் மோரும் சேர்ந்த மூங்கிலரிசிச் சோறும் கொடுப்பர். அம்மலை அவர்களுடையது, அதன் விளைவும் அவர்களுடையது. தேயிலை மலையில் வாழ்பவர் விளைவித்தது அவர்களுக்கு உரியதன்று. நல்ல தேயிலை ஏலத்துக்கும் ஏற்றுமதிக்கும் சென்றது. எஞ்சிய தூளே இலயத்தின் அடுப்புக்கு வந்தது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது என்னும் இலக்கணம் மாத்திரமே மடுல்கெல்லவுக்குப் பொருந்துகின்றது. ஒழுக்கத்தால் நோக்கின் மலையக இலக்கியத்தின் திணை பாலையே. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சமும் அதற்கு முன்னும் பின்னும் வந்த வறட்சிகளும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பெயர்த்துத் தள்ளிய மக்கள் அவர்கள். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983 இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலைப் படிப்பவர் இதனை உணர்வர். விட்டுவந்த ஊரை எண்ணி ஏங்கும் குரலும் ஏறமுடியாத மலையை ஏறும் குரலும் அங்கே அருகருகே ஒலிக்கின்றன. வெயில் பின்னே விடப்பட்ட நாட்டுக்குரியது. குளிர் வந்துசேர்ந்த இடத்துக்குரியது. நக்கீரரின் விதிவிலக்கு இங்கே பொதுவிதியாகிவிட்டது.

இம்மாற்றத்தை எழுத்தாளர் எவரையும் முந்திக்கொண்டு மொழி பதிவு செய்திருக்கின்றது. தண் என்பதும் நீர் என்பதும் சேர்ந்தது தண்ணீர். இலங்கைத் தமிழர் தேயிலை இட்டுக் கொதிக்கவைத்ததைத் தேத்தண்ணீர் என்றனர். வெந்நீரைச் சுடுதண்ணீர் என்றனர். தோட்டத்தில் பாலில்லாத தேநீர் சாயத் தண்ணீராயிற்று. சொற்பொருளை உரசிப் பார்த்தாற் சுடுதண்ணீர் முரண்பட்ட தொடர். ‘தண்’ என்பதன் பொருள் மழுங்கிவிட்டது என மொழிநூலார் எளிதாக விடைகூறுவர், அவ்விடை பிழையுமன்று. ஆனால் மலைக்காற்றில் நனைந்து வந்தவர் கையில் ஒரு கோப்பை தேத்தண்ணீரை வைப்பவர் செய்வது அப்பூதியடிகள் செய்த அதே செயல். அளி மாறவில்லை, தண்மை மட்டும் வெம்மையாயிற்று. அப்பழைய சொல் புதிய பானத்தினுள்ளும் விடாது ஒட்டிக்கொண்டிருத்தல் பொருத்தமற்றதன்று.

மலையகத்தில் குளிர்ந்த உணவு என்றால் என்ன என்பதையும் கேட்டல் வேண்டும். 1942 இல் பர்மா யப்பானியர் வசமானபோது அரிசி வரவு நின்றது. கோதுமை மா இலங்கையரின் அடுக்களைக்குள் புகுந்தது. தோட்டங்களில் அது ரொட்டியாய் நிலைத்தது. விடியற்காலையிற் சுட்டுத் துணியிற் பொதிந்த ரொட்டி, மலையில் அவிழ்க்கப்படும்போது ஆறி விறைத்திருக்கும். சம்பலின் உறைப்பே அதற்குச் சூடு. இது சுவைக்காகக் குளிர்விக்கப்பட்டதன்று, நேரமின்மையாற் குளிர்ந்துபோனது. கோடையும் அங்கே இன்பமன்று. மாசி, பங்குனி வறட்சியில் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் வேலைநாள் குறையும், முழுப்பேர் அரைப்பேராகும். பட்டணத்தார் நிழலில் அமர்ந்து சர்பத்துப் பருகும் அதே மாதங்களில் தோட்டத்துக் குடும்பம் கடைக் கொப்பியின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் தோட்டங்களிலே இறப்பு கடுமையாக உயர்ந்தது. எழுபதுகளின் தோட்டத் துயரைப் பொருளாகக் கொண்ட தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ (1979) போன்ற நாவல்களை இப்பின்னணியின்றி வாசித்தல் இயலாது.

இவ்வளவையும் மனங்கொண்டு நோக்குமிடத்து, அண்மைக்காலத்திற் பெருகிவரும் உணவு நினைவு எழுத்துகளின் குறைபாடு புலனாகும். ஊரின் பண்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு விடுவது அவற்றின் முறை. புலம்பெயர்ந்தோர் எழுத்தில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. கிடைக்காத பொருளின் பெயரைச் சொல்வதே அவர்களுக்கு அதனை உண்பதாகின்றது. ஊரிலேயே இருப்போரும் அதே முறையைக் கைக்கொள்வது ஏனென விளங்கவில்லை. சோமசுந்தரப் புலவர் மா இடித்தவளைக் காட்டினார். கூடலூர் கிழார் புகையுண்ட கண்ணைக் காட்டினார். இன்றைய எழுத்தில் தட்டு மட்டும் காட்சிக்கு வருகின்றது. அதனைக் கொணர்ந்த கை வெட்டப்பட்டிருக்கின்றது. தயிரும் பாணியும் பற்றி எழுதுபவர் கித்துள் மரத்தின் உயரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்திருந்தால் அவ்வெழுத்தின் இனிப்புச் சற்றுக் குறைந்து சுவை கூடியிருக்கும்.

மலையக எழுத்திலோ எதிர்மறையான குறை உண்டு. பசியைப் பாடக் கற்றுக்கொண்ட அவ்வெழுத்து, உண்டு மகிழ்ந்ததைப் பாடக் கூச்சப்படுகின்றது. துயரைச் சொல்லுவதே கடமையென விமர்சகர் பல்லாண்டுகளாக வற்புறுத்தியதன் விளைவு இது. தைப்பொங்கலன்று இலயத்து வாசலிற் பொங்கிய பால், தீபாவளிக்கு முதல்நாள் இரவு முழுதும் சுட்ட பலகாரம், கண்டிப் பெரகரா பார்க்கச் சென்ற சிறுவன் முதன்முதலாகக் கையிற் பிடித்து, மணிக்கட்டுவரை வழியவிட்ட ஐஸ்பழம் ஆகியனவும் அம்மக்களின் வரலாற்றைச் சேர்ந்தவையே. மடுல்கெல்ல பஸ்ஸில் வீடு திரும்பும் அச்சிறுவன், தங்கைக்கென மறைத்து வாங்கிய இன்னொன்று பன்விலை வருமுன்னரே குச்சியாகிவிட்டதைக் கண்டு என்ன செய்தான் என்பதைச் சொல்லும் சிறுகதை இன்னும் எழுதப்படவில்லை.